பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேளுங்கள்: தூக்கக் கோளாறு என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு பள்ளியறை பூஜை முடிந்து மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தும் நேரத்தில்தான் என் வேலை தொடங்கும். மதுரையில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வு அறையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வருகிறவர்களின் தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர்களை ஒட்டி, தூங்கச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் திரையைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கத்தில் ஏதோ கோளாறு என்று முதல்முறையாகச் சந்தேகப்படுகிறவர் எங்கே தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும் என்பது இத்தனை இரவுகளில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை" என்று புலம்பிக்கொண்டு வருகிறவர் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். காலையில் எழுப்பினால், "பார்த்தீர்களா, கண்ணை மூடவே இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொருவர், "எனக்கென்ன, அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். வீட்டில் பிடுங்கல் தாங்காமல் வந்தேன்" என்பார். அவருக்கு மணிக்கு நாற்பது முறை மூச்சு நிற்கும். தன் தூக்கம் எப்படிப்பட்டது என்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வரிசையை டாக்டரிடம் தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: சாட்சியை விசாரியுங்கள்

மனைவி, கணவர், பிள்ளை, விடுதி அறைத் தோழர், யாராக இருந்தாலும் சரி, உங்கள் பக்கத்தில் படுக்கிறவரை உட்காரவைத்துக் கேளுங்கள். குறட்டை உண்டா? மல்லாந்து படுத்தால் மட்டுமா, ஒருக்களித்தாலும் உண்டா? குறட்டை நடுவில் சட்டென்று நின்று, சிறிது நேரம் ஓசையே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? காலை உதைக்கிறேனா, பல்லை நறநறவென்று கடிக்கிறேனா, எழுந்து நடக்கிறேனா?

திருமங்கலம் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். கணவர், "சும்மா குறட்டைதான் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, "நான் செய்து காட்டுகிறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரைப் போலவே குறட்டை விட்டுக் காட்டினார். பிறகு மூச்சை அடக்கினார். அறையில் யாரும் பேசவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் 'ஹக்' என்று ஒரு திணறல். "இப்படித்தான் சாமி, விடியும்வரை. நான் மார்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்" என்றார். அதற்கு மேல் டாக்டருக்குக் கேட்க ஒன்றுமில்லை.

தனியாகப் படுப்பவர்கள் செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். வெட்கமாக இருக்கும். இருந்தாலும் காலையில் ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாம் படி: பதினான்கு நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் எழுந்ததும் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம். இரவில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உத்தேசக் கணக்கு போதும். மாலையில் இன்னொரு வரி: பகலில் தூங்கியது, குடித்த டீ காபி எத்தனை, எப்போது, போட்ட மாத்திரைகள், மது அருந்தியிருந்தால் அதுவும். ஓட்டலுக்குப் பால் ஊற்றுகிறவர் கணக்கு எழுதுவதுபோல ஒளிவுமறைவில்லாமல் இருக்கட்டும். டாக்டரைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

கூடவே பகல் தூக்கத்தை அளந்துகொள்ளுங்கள். மெல்போர்ன் நகரில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்; உலகம் முழுக்க இன்றும் அதுதான் புழங்குகிறது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுத்து ஓய்வெடுக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது இல்லாத மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, வண்டி சில நிமிடம் நெரிசலில் நிற்கும்போது என்று எட்டுச் சந்தர்ப்பங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் கண்ணயர வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 24. கூட்டினால் 10க்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குக் கண் செருகினால் கூட்டிப் பார்க்கவே வேண்டாம்.

எத்தனை மணி நேரம் தேவை என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையைப் பதினொரு மணிவரை டியூஷன் பாடம் எழுதவிட்டு, அதிகாலை நான்கு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பதே தூக்கத்தில்தான். தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு பாடத்தை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

உடம்புக்கு என்ன நடக்கிறது?

தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் அப்போதுதான் சுரக்கிறது. பின்னிரவில் கண்மணிகள் இமைக்குள் வேகமாக ஓடும் கனவுத் தூக்கம் அதிகம். அந்த ஓட்டத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்து எழுதினார்கள். அதுவரை தூக்கம் என்றால் மூளை விளக்கணைத்துவிட்டுச் சும்மா கிடக்கும் நேரம் என்றே நினைத்திருந்தார்கள்.

இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். தூக்கம் உடைந்துகொண்டே இருந்தால் இறங்காது, இதயத்துக்கு ஓய்வில்லை. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். இரவெல்லாம் விழித்தவருக்கு மறுநாள் கீரையின் மேல் ஆசை வராது, பஜ்ஜியின் மேல்தான் வரும். அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான பட்டியலில் 2022இல் தூக்கத்தையும் எட்டாவதாகச் சேர்த்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்குத் திருச்சிக்குக் காரை எடுத்தால் கணக்கு அதுதான்.

மூன்றாம் படி: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

எல்லோரும் சீக்கிரம் படுக்கப் பார்க்கிறார்கள். அது நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது.

தூக்கத்தை இரண்டு சக்திகள் இழுத்துவருகின்றன. ஒன்று, தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். போதுமான அளவு சேர்ந்தால் கண் சொருகும். மாலை ஐந்து மணிக்கு நான்கு வடை தின்றவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கியவருக்கு இரவுத் தூக்கம் வராததும் அதே கதைதான். பகலில் அவசியம் படுக்க வேண்டுமென்றால் மூன்று மணிக்குள், இருபது நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு.

இரண்டாவது, உடல் கடிகாரம். நம் செல்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டதற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். எழுந்ததும் வாசலுக்கு வாருங்கள். கோலம் போடுகிற அம்மாக்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. மற்றவர்கள் மாடியில் கால் மணி நேரம் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழ வேண்டும் என்றால் முறைக்கிறார்கள். ஒரு மணி நேரம் தள்ளுபடி தரலாம், அதற்கு மேல் கூடாது.

நான்காம் படி: மதுரை வெயிலும் படுக்கையும்

உடலின் உள்வெப்பம் சற்று இறங்கினால்தான் தூக்கம் வரும். சித்திரை வைகாசியில் நம் ஊர் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் தலைமேல் இறக்கிக்கொண்டிருக்கும். கூரைக்கு வெள்ளை அடித்தால் கண்கூடாக வித்தியாசம் தெரியும். முடியாதவர்கள் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து விடலாம். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்துவைக்கும். அதன்மேல் கோரைப்பாயை விரித்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் ரத்தம் தோலுக்கு வந்து உள்சூடு வெளியேறும். வெயில் காலத்தில் வெந்நீரா என்று கேட்காதீர்கள், செய்து பாருங்கள்.

மொட்டை மாடியில் படுப்பது நல்லதுதான், கொசுவலை இருந்தால். ஆனால் தூக்கத்தில் எழுந்து நடக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் மாடி வேண்டாம், கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும்.

ஐந்தாம் படி: டீ, பரோட்டா, பாட்டில்

காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே விழித்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்திக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள்.

இரவு பதினொன்றரைக்குக் கறிதோசையும் சால்னாவில் ஊறிய பரோட்டாவும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். புளித்த ஏப்பம் தொண்டைவரை ஏறித் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

மது தூக்கம் தரும் என்பது பாதி உண்மை. முன்னிரவில் அமுக்கும், பின்னிரவில் உலுக்கி எழுப்பிவிடும். தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதால் குறட்டைக்காரர்களுக்கு மூச்சுத்தடை கூடும். ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கும் பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. அளவு மீறினால் அது நஞ்சு, குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தூக்க மாத்திரை பற்றி ஒன்று. என் பெரியம்மா ஒரு கடையில் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் எச்1 அட்டவணையில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஒரு நாள் நடுச்சாமத்தில் கழிப்பறைக்குப் போனவர் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஏற்கெனவே நீண்ட நாளாகப் போட்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆறாம் படி: தூக்கம் வராத இரவு

படுத்து இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்துவிடுங்கள். புரண்டு புரண்டு போராடினால், பாயைக் கண்டாலே மனம் சண்டைக்குத் தயாராகிவிடும். வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுவாரசியமில்லாத ஏதாவது செய்யுங்கள். நான் பழைய மின்கட்டண ரசீதுகளை அடுக்குவேன். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். தேவைப்பட்டால் மறுபடி எழுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த முறை இது; இன்றைக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், அதாவது மாத்திரை இல்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையில், முக்கியமான பகுதி. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இந்தச் சிகிச்சையைத்தான் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

வாரத்துக்கு மூன்று இரவுகள், மூன்று மாதம் என்று நீண்டால் அதற்கு நாள்பட்ட தூக்கமின்மை என்று பெயர். கருக்கலுக்கு முன்பே விழித்து, மறுபடி தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

ஏழாம் படி: எந்தக் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

நான் அதிகம் பார்ப்பது மூச்சுத்தடையைத்தான், ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைத்துக்கொள்கிறது. திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மூக்கின் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று கம்பி இழுத்ததுபோல நேராகிவிடும். ஆனால் மார்புப் பட்டையின் கோடும் வயிற்றுப் பட்டையின் கோடும் நிற்காது. ஒன்று ஏற ஒன்று இறங்க, அடைத்த கதவைத் தோளால் முட்டுவதுபோல முட்டிக்கொண்டிருக்கும். பத்து விநாடி, இருபது, முப்பது. சற்றுப் பின்னால் ஆக்சிஜன் எண் இறங்கத் தொடங்கும்: 94, 90, 85. பிறகு மூளை அலை சிலிர்த்துக்கொள்ளும், இதயத்துடிப்பு தாவும், பெரிய திணறலோடு காற்று உள்ளே போகும். மூன்று நான்கு விநாடி விழிப்பு அது. காலையில் அவருக்கு ஞாபகம் இருக்காது. நான் கணக்கில் ஒரு கோடு போடுவேன். அடுத்த நிமிடம் அதே கதை மறுபடி.

இதன் அறிகுறிகள் பலரை வேறு டாக்டரிடம் கொண்டுபோய் விடுகின்றன. காலையில் தலைவலி, உலர்ந்த வாய், மூன்று மாத்திரை போட்டும் அடங்காத ரத்த அழுத்தம். இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுவதைச் சர்க்கரை என்றும் வயது என்றும் விட்டுவிடுகிறார்கள். மூச்சுத்தடையாலும் அது வரும். கழுத்து தடித்தவர்கள், தொப்பை உள்ளவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒல்லியானவர்களுக்கும், தாடை உள்வாங்கியிருந்தால், வரலாம். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் குழந்தைக்குப் பெரும்பாலும் டான்சிலோ அடினாய்டோ வீங்கியிருக்கும்; காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலையானதும் கெண்டைக்காலுக்குள் பூரான் ஊர்வதுபோல் ஒரு குடைச்சல், அசைத்தால் தணியும், படுத்தால் மறுபடி வரும் என்றால் அது ஓய்வில்லாக் கால்கள். இரும்புச்சத்துக் குறைவு முக்கியக் காரணம். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதிகம் வரும். சில அலர்ஜி மாத்திரைகள் கூட்டிவிடும்.

நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, கைகால் அசையாமல், மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதா? அப்பத்தா இதை அமுக்குவான் பேய் என்று சொல்லித் தலைமாட்டில் அரிவாள் வைப்பார். கனவில் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும்; விழிப்பு முந்திக்கொண்டு கட்டு அவிழத் தாமதமானால் இப்படி ஆகும். சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்தில் போய்விடும். ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அடிக்கடி வரும். அந்தக் கட்டே இல்லாமல், கனவில் அடிதடி நடந்தால் நிஜமாகவே மனைவியை அறைந்துவிடும் முதியவர்களும் உண்டு. அது பின்னாளில் வரக்கூடிய பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் மடங்கிச் சரிந்துவிடுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம், இரண்டும் சேர்ந்திருந்தாலும் நரம்பியல் டாக்டர்தான்.

எட்டாம் படி: டாக்டரும் ஆய்வு இரவும்

குறட்டை, மூச்சுத்தடை என்றால் நெஞ்சக நோய் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவு. மனக்கவலையால் தூக்கம் போனால் மனநலப் பிரிவு. எது என்று புரியாவிட்டால் பொது மருத்துவம். ஊரில் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் இந்தப் பிரிவுகள் எல்லாமே இருக்கின்றன, ஓ.பி. சீட்டு போட காலையிலேயே போய்விடுங்கள். நோட்டையும் சாட்சியையும் கூட அழைத்துப் போங்கள்.

ஆய்வு எழுதிக்கொடுத்தால் பயம் வேண்டாம். ஊசி கிடையாது. அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய்த் தலையில் பசை ஒட்டாது. நள்ளிரவில் ஒயர் கழன்று உங்களை நான் எழுப்ப வேண்டிவரும். விரலில் நகப்பூச்சு வேண்டாம். பகலில் தூங்காதீர்கள், மதியத்துக்கு மேல் காபி கூடாது. கைலியோ நைட்டியோ, வீட்டில் உடுத்துவதையே கொண்டுவாருங்கள். சொந்தத் தலையணை இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமான மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை போட்டுக்கொள்ளுங்கள். மல்லிகை வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களிடம் பூவைக் கழற்றச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். தலைமாட்டு மேசையில் வைத்துவிடுவேன், அறை முழுக்க மணக்கும்.

ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். "இத்தனை ஒயரோடு எவன் தூங்குவான்?" என்று கேட்காதவர் இல்லை. எல்லோரும் தூங்குகிறார்கள். சிறுநீருக்கு எழ வேண்டுமானால் குரல் கொடுத்தால் போதும். மொத்தக் கட்டையும் ஒரே இடத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவேன்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, மணிக்கு எத்தனை தடை என்ற எண். 5க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. லேசானதற்கு எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதுமே பலருக்குப் போதும். நடுத்தரத்துக்கு மேலே போனால் பெரும்பாலும் மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் சிபாப் இயந்திரம்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு

இரவுக் கடைகளுக்கு அல்லங்காடி என்று சங்க காலத்திலேயே பெயர் வைத்த ஊர் இது. மாட்டுத்தாவணியில் லாரி இறக்குபவர்கள், பரோட்டா மாஸ்டர்கள், செவிலியர்கள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற சுற்றுக் கிராமத்துப் பெண்கள். இவர்களிடம் பத்து மணிக்குப் படு என்று சொல்வது கேலி. இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது. வேலையை விட முடியாது என்பதால் சேதத்தைக் குறைப்பதுதான் வழி.

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் தூங்கிவிடுங்கள். டீயை வேலையின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் உடல் கடிகாரம் விடிந்துவிட்டது என்று நம்பிவிடும். அறையைக் கெட்டித் துணியால் இருட்டாக்குங்கள், காதில் பஞ்சு வையுங்கள். ஆடி மாதத்தில் தெருமுனை ஒலிபெருக்கிக்கு என்னிடம் மருந்து இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகல் பதினொரு மணிக்குப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது நடுச்சாமம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு காலையில் இரண்டு சக்கர வண்டியில் சிக்னலில் நின்றபடியே நான் தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன்தான் எழுப்பியது. அதிலிருந்து இரவு வேலை முடிந்தால் வண்டி ஓட்டுவதில்லை, டவுன் பஸ்தான். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கண் எரிந்தால் ஓரங்கட்டி ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். எழும்போது டீ வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் சன்னலைத் திறப்பதும் உதவாது.

கடைசிப் படி: மாஸ்க்கோடு குடும்பம் நடத்துவது

சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் இந்தச் சிபாப் முறையை வெளியிட்டார். மூக்கில் ஒரு மாஸ்க் வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிப்பதுதான் வேலை. முதல் வாரம் பலர் கழற்றி எறிகிறார்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். காற்றுக் கசிந்து கண் எரிந்தால் மாஸ்க் அளவு சரியில்லை என்று பொருள். பட்டையை இறுக்காமல் அளவை மாற்றுங்கள். மூக்கு உலர்ந்தால் ஈரப்பதக் கலனை இணையுங்கள், அதில் காய்ச்சி வடித்த நீர் மட்டும். மாஸ்க்கைத் தினமும் லேசான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டியிருந்தால்தான் பழக்கத்துக்கு வந்ததாகக் கணக்கு. முழு இரவும் மாட்டினால் முழுப் பலன். வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்வெர்ட்டரில் ஓடும். வெளியூருக்கும் கொண்டுபோகலாம். நம் நோயாளி ஒருவர், லாரி ஓட்டுநர், உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் குலசாமி கும்பிடப் போனபோது இயந்திரத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுபோனாராம். கிடா வெட்டி விருந்து முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் பாய் விரித்தபோது, ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாஸ்க்கை மாட்டியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மெதுவாக வந்து, "ஏன் மாப்பிள்ளை, குறட்டைக்கு இதுதானா வைத்தியம்?" என்று விசாரித்துவிட்டு, மறுவாரம் என் அறைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாட்சியாக அவர் மனைவி.